கருந்துளையிலிருந்து துகள் தப்புமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நம் பால்வழி மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: ஒளிகூட வெளிவராத இடத்திலிருந்து, அணுவைவிட நுண்ணிய ஏதேனும் ஒன்று நழுவி வந்துவிடாதா? ஆகவே இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: ஐயா, நியூட்ரினோ என்னும் துகள் பூமியையே ஊடுருவிச் செல்லும் என்று படித்தேன். அப்படிப்பட்ட துகளால் கருந்துளையிலிருந்து மட்டும் ஏன் வெளியே வர முடியாது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அரூர்

பதில்: நியூட்ரினோவைப் பற்றி உங்கள் பகுதியிலிருந்து கேள்வி வருவது பொருத்தம்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் வரும் கோலார் தங்கவயலில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வைக்கப்பட்ட கருவிகளில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயம் 1965-ல் பதிவாயிற்று. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவாயிற்று. உலகில் இவ்விரண்டுமே முதல் பதிவுகள். அவ்வளவு ஆழத்துக்குப் போனதன் காரணமே, மற்றத் துகள்களை மேலுள்ள பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோவை விட்டுவிடும் என்பதுதான்.

ஆனால் பாறையை ஊடுருவுவதற்கு நியூட்ரினோவிடம் தனி வலிமை ஏதும் இல்லை. அதற்கு மின்னூட்டம் கிடையாது. அணுக்கருவைப் பிணைத்து வைக்கும் வலுவான விசையும் அதைத் தொடுவதில்லை. ஆகவே வழியிலுள்ள அணுக்கள் அதற்கு ஏறக்குறைய இல்லாதவை போன்றவையே. ஈர்ப்பிலிருந்து அத்தகைய விலக்கு எந்தத் துகளுக்கும் கிடையாது. நிறையே இல்லாத ஒளித்துகள்கூட அதற்கு உட்பட்டதுதான்.

அடுத்து, ‘தப்புதல்’ என்றதும் பாடநூலில் படித்த விடுபடு வேகம் நம் நினைவுக்கு வந்துவிடுகிறது. பூமியின் பரப்பிலிருந்து நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பொருள் திரும்பி வராது. இந்த வேகம் ஒளியின் வேகத்தையே மிஞ்சும் அளவுக்கு ஒரு விண்மீன் பெரிதாக இருந்தால் அதன் ஒளி நம்மை வந்தடையாது என்று இங்கிலாந்தின் ஜான் மிட்சல் 1783-லேயே கணக்கிட்டார். அழகான கணக்குதான், ஆயினும் அதை அப்படியே கருந்துளைக்குப் பொருத்தினால் பாதி உண்மையில் நின்றுவிடுவோம். மிட்சலின் விண்மீனிலிருந்து புறப்படும் ஒளி சிறிது தொலைவு ஏறிய பிறகுதான் திரும்பி விழும். மேலும் விடுபடு வேகம் என்பது எறிந்துவிட்ட கல்லுக்கு உரியது; எரிபொருள் தீராத ராக்கெட் ஒன்று நடைவேகத்தில்கூடப் பூமியை விட்டு விலகிப் போகலாம். அப்படியானால் கருந்துளைக்குள்ளிருந்தும் சிறிது சிறிதாக ஏறி வந்துவிடலாமே என்று கேட்டால், மிட்சலின் கணக்கில் அதற்கு விடை இல்லை. ஈர்ப்பை வெளியும் காலமும் வளைவதாக விளக்கி ஐன்ஸ்டைன் 1915-ல் முடித்த பொதுச் சார்பியலில்தான் விடை இருக்கிறது.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். அருவிக்கு வெகு முன்னால் காவிரி மெதுவாக ஓடுகிறது. துடுப்பு வலித்து எதிர்நீரில் போகலாம். அருவியை நெருங்க நெருங்க நீரின் வேகம் கூடி, ஓரிடத்தில் மிக வலிமையான பரிசல்காரரின் வேகத்துக்குச் சமமாகிவிடுகிறது. அந்த இடத்தில் ஆற்றின் குறுக்கே சுவரும் இல்லை, கோடும் இல்லை. கடப்பவருக்கு அக்கணத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் அதன்பின் எவ்வளவு வலித்தாலும் பரிசல் அருவியை நோக்கித்தான் போகும். கருந்துளையைச் சுற்றியுள்ள வெளி தானே உள்நோக்கிப் பாய்வதாகக் கொண்டு பொதுச் சார்பியலின் கணக்கை எழுத முடியும். அந்தப் பாய்ச்சல் ஒளியின் வேகத்தை எட்டும் பரப்பையே நிகழ்வு எல்லை என்கிறோம். பரிசல் சிறியது என்பதற்காக ஆறு அதை விட்டுவிடுவதில்லை. துகளின் நுண்மைக்கும் இங்கே சலுகை இல்லை.

எல்லைக்குள் நுழைந்துவிட்ட துகளுக்கு வெளிப்புறம் என்னும் திசையே இல்லாமல் போகிறது. மையம் என்பது அதன் எதிர்காலமாகவே ஆகிவிடுகிறது. அதனால்தான் மையத்தை அடையும் நேரத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. சுழலாத கருந்துளைக்கு, அதனுள் விழுபவரின் கடிகாரப்படி அந்த வரம்பைக் கணக்கிட்டால், சூரியனின் நிறையுள்ளதில் ஒரு நொடியின் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு வருகிறது. பால்வழி மண்டலத்தின் நடுவில் ஏறத்தாழ 43 லட்சம் சூரிய நிறையுடன் இருப்பதில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். எம்87 என்னும் மண்டலத்தில் 650 கோடி சூரிய நிறையுடன் இருப்பதில் சுமார் 28 மணி நேரம். எவ்வளவு வலிய ராக்கெட் எஞ்சினாலும் இதற்கு மேல் நீட்டிக்க முடியாது. பதற்றத்தில் எஞ்சினை அளவுக்கு மீறி முடுக்கினால் இருக்கும் நேரமும் குறையும்.

கேள்வி: ஆல்ஃபா துகள், போதிய ஆற்றல் இல்லாமலே குவாண்டம் ஊடுருவல் மூலம் அணுக்கருவிலிருந்து வெளிவருகிறது. அதேபோல் ஓர் எலக்ட்ரான் கருந்துளையிலிருந்து ஊடுருவி வரலாம் அல்லவா?
– பொறியாளர், ஓசூர்

பதில்: கூர்மையான கேள்வி. ஜார்ஜ் காமோவ் 1928-ல் ஆல்ஃபா சிதைவை விளக்கியபோது அவர் முன்னால் இருந்தது ஓர் ஆற்றல் தடை. தடைக்கு அப்பால் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் துகள் காணப்படுவதற்கு மிகச் சிறிய, ஆனால் சுழியம் அல்லாத வாய்ப்பும் இருக்கிறது. நிகழ்வு எல்லையோ இத்தகைய தடை அன்று. கூடுதல் ஆற்றல் கொடுத்தால் கடந்துவிடலாம் என்ற நிலை அங்கே இல்லை. உள்ளே நிகழும் எதன் விளைவும் வெளியே நிகழும் எதையும் எட்ட வேண்டுமானால், அது ஒளியை முந்த வேண்டும். குவாண்டம் புலக் கோட்பாடும், எந்த விளைவும் ஒளியை முந்தாது என்பதை அடிப்படை விதியாகக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது.

ஆயினும் உங்கள் எண்ணம் ஆய்வுலகம் அறியாதது அன்று. மௌலிக் பரிக், ஃபிராங்க் வில்செக் என்னும் இருவர், கருந்துளையின் வெப்பக் கதிர்வீச்சையே (அடுத்த கேள்வியில் வரும் ஹாக்கிங் கதிர்வீச்சு) ஓர் ஊடுருவலாக எழுதிக்காட்டும் கணக்கை 2000-ல் வெளியிட்டனர். துகள் ஒன்று வெளியேறும்போது கருந்துளையின் நிறை குறைவதால் நிகழ்வு எல்லை சற்றே சுருங்குகிறது. அந்தச் சுருக்கமே அவர்கள் கணக்கில் தடையாக அமைகிறது. அங்கும் வெளிவருவது, எல்லையை ஒட்டி வெற்றிடத்திலிருந்து பிறக்கும் துகள்தான். நேற்று உள்ளே விழுந்த எலக்ட்ரான் திரும்பி வருவதில்லை.

கேள்வி: கருந்துளையின் விளிம்பில் துகளும் எதிர்த்துகளும் சோடியாகத் தோன்றி, ஒன்று உள்ளே விழ மற்றொன்று தப்பிச் செல்வதே ஹாக்கிங் கதிர்வீச்சு என்று வகுப்பில் சொல்லி வருகிறேன். அப்படியானால் துகள்கள் தப்புகின்றன என்றுதானே பொருள்? வெளியே பிறந்த துகள் வெளியே போவதால் கருந்துளையின் நிறை எப்படிக் குறையும்?
– இயற்பியல் ஆசிரியர், பாலக்கோடு

பதில்: இந்தச் சோடிக் கதை, நினைவில் நிற்பதற்கு எளிதாக இருப்பதாலேயே, தெளிவைவிடக் குழப்பத்தையே அதிகம் விளைவித்திருக்கிறது என்பது எம் கருத்து. இந்தக் கதிர்வீச்சைக் கணித்த இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங்கும் 1975-ல் வெளிவந்த தம் விரிவான கட்டுரையில், இத்தகைய சித்திரிப்புகள் புரிதலுக்கு உதவுபவை மட்டுமே, அவற்றை அப்படியே உண்மையென்று கொள்ளலாகாது என்று எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைவிடக் கதைதான் வேகமாகப் பரவியது.

நடந்தது இதுதான். கருந்துளைக்கு எந்திரோப்பி (ஒழுங்கின்மையின் அளவு) உண்டு என்றும், அது நிகழ்வு எல்லையின் பரப்பைப் பொறுத்தது என்றும் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் 1970-களின் தொடக்கத்தில் வாதிட்டார். ஹாக்கிங்குக்கு அது பிடிக்கவில்லை. எந்திரோப்பி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும், வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு இருக்க வேண்டும், எதையும் வெளிவிடாத பொருளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது அவர் தரப்பு. 1973-ல் அவர் மாஸ்கோ சென்றபோது, சுழலும் கருந்துளைகள் துகள்களை வெளியிட வேண்டும் என்று சோவியத் இயற்பியலாளர்கள் செல்டோவிச்சும் ஸ்டாரோபின்ஸ்கியும் எடுத்துரைத்தனர். அதைத் தம் வழியில் சரிபார்க்க அமர்ந்தவருக்கு, சுழலாத கருந்துளையும் கதிர்வீசும் என்ற விடை கிடைத்தது. 1974-ல் நேச்சர் இதழில் அது வெளியாயிற்று. பெக்கன்ஸ்டைனை மறுக்கத் தொடங்கியவரின் கணக்கே கடைசியில் பெக்கன்ஸ்டைனுக்குச் சான்றாக அமைந்தது.

அந்தக் கணக்கில் எல்லையின் விளிம்பில் நின்று பிரியும் சோடிகள் இல்லை. குவாண்டம் புலங்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன; அவை அமைதியாக இருக்கும் நிலையே வெற்றிடம். விண்மீன் ஒன்று சரிந்து கருந்துளையாகும்போது வெளியும் காலமும் வளைந்து போவதால், சரிவுக்கு முன் வெற்றிடமாக இருந்த அதே நிலை, சரிவுக்குப் பின் வெகு தொலைவில் இருக்கும் ஒருவருக்கு வெப்பக் கதிர்வீச்சாகத் தெரிகிறது. எல்லையினூடே தடையின்றி விழுந்துகொண்டிருக்கும் ஒருவரோ அங்கே குறிப்பிடத்தக்க எதையும் காண்பதில்லை. துகள்கள் எத்தனை என்பதே பார்ப்பவரைப் பொறுத்தது என்பதுதான் ஹாக்கிங்கின் கணக்கு நமக்குக் கற்பிக்கும் கடினமான பாடம்.

எண்களைக் கவனித்தால் சோடிக் கதையின் குறை தெளிவாகும். சூரியனின் நிறையுள்ள கருந்துளையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். அதன் வெப்பநிலை 1 கெல்வினில் ஏறத்தாழ 1.6 கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு குளிர்ந்த பொருள் வெளியிடும் ஒளியின் அலைநீளம் பல பத்துக் கிலோமீட்டர், அதாவது கருந்துளையைவிடப் பல மடங்கு பெரியது. இத்தகைய அலை எல்லையின் இன்ன புள்ளியில் பிறந்தது என்று சொல்வதற்கே பொருள் இல்லை. கருந்துளையைச் சூழ்ந்த விரிந்த பகுதி முழுவதுமே அதன் பிறப்பிடம்.

நிறை குறைவதைப் பற்றிய கேள்விக்கு வருவோம். தொலைவில் இருப்பவரின் கணக்குப்படி, வெளியே செல்லும் ஆற்றலுக்கு ஈடாக, நிகழ்வு எல்லையினூடே எதிர்க்குறி கொண்ட ஆற்றல் உள்ளே பாய்கிறது. சாதாரண இடத்தில் துகள் ஒன்று எதிர்க்குறி ஆற்றலுடன் நீடிக்க முடியாது. எல்லைக்கு உள்ளே காலமும் வெளியும் தம் பங்கை மாற்றிக்கொள்வதால் அது இயலும். ஆகவே கருந்துளை இளைப்பதற்கு உள்ளிருந்து எதுவும் வெளியே வர வேண்டியதில்லை. வகுப்பில் கதையைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், உள்ளே விழும் துணை எதிர்த்துகளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, துகளாகவும் இருக்கலாம். உள்ளே செல்வது எதிர்க்குறி ஆற்றல் என்பதே முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். விண்மீன் சரிந்து உருவான கருந்துளை, நடைமுறையில் எலக்ட்ரானையோ புரோட்டானையோ வெளியிடுவதில்லை. அதன் வெப்பநிலைக்கு நிறையற்ற ஒளித்துகள் போன்றவையே கட்டுப்படியாகும். எலக்ட்ரான்கள் தாராளமாக வர வேண்டுமானால் வெப்பநிலை சுமார் 600 கோடி கெல்வினை நெருங்க வேண்டும். நிறை குறையக் குறைய வெப்பநிலை உயரும் என்பதால், அதற்கு ஏறத்தாழ 2,000 கோடி டன் நிறையுள்ள கருந்துளை வேண்டும். அது ஒரு மலையின் நிறை. ஆரமோ அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறிது. பேரண்டத்தின் தொடக்கத்தில் இத்தகையவை தோன்றியிருக்கலாம் என்பது ஊகம். ஃபெர்மி காமாக் கதிர்த் தொலைநோக்கியின் தரவுகளில் அவற்றின் இறுதி வெடிப்புகளைத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

பெரிய கருந்துளைகளிலோ, பேரண்டத்தை நிறைத்திருக்கும் 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சே அவற்றைவிட வெப்பமானது. ஆகவே அவை இன்று இழப்பதைவிட அதிகமாகப் பெறுகின்றன. பின்னணி முழுவதும் குளிர்ந்த பிறகும், சூரிய நிறையுள்ள ஒன்று கரைந்து முடிய, 1-க்குப் பின் 67 சுழியங்கள் இட்ட எண்ணைவிட அதிகமான ஆண்டுகள் ஆகும். வானத்தில் ஹாக்கிங் கதிர்வீச்சை இதுவரை எவரும் கண்டதில்லை. ஒலியைவிட வேகமாகப் பாயும் திரவத்தில் இதற்கு இணையான விளைவு தோன்றும் என்று வில்லியம் உன்ரூ 1981-ல் கணித்தார். மீக்குளிர் ரூபிடியம் அணுக்களில் அதைக் கண்டதாக இஸ்ரேலின் ஜெஃப் ஸ்டைன்ஹவர் 2016-ல் அறிவித்தார். அது கணக்குக்கு வலு சேர்க்கிறது என்பது சரி. கருந்துளையையே கண்டதற்கு ஈடாகாது.

கேள்வி: உள்ளிருந்து எதுவுமே வராது என்கிறீர்கள். பிறகு கருந்துளையின் ஈர்ப்பு மட்டும் எப்படி வெளியே வருகிறது?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரிமங்கலம்

பதில்: வந்த கேள்விகளில் எமக்கு மிகவும் பிடித்தது இது. ஈர்ப்பு வெளியே ‘வருவதில்லை’ என்பதே விடை. விண்மீன் சரிவதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள வெளியும் காலமும் வளைந்திருந்தன. விண்மீன் எல்லைக்குள் மறைந்த பிறகும், வெளியே இருந்த அந்த வளைவு அப்படியே எஞ்சி நிற்கிறது. அதை நிலைநிறுத்த உள்ளிருந்து நொடிக்கு நொடி செய்தி வர வேண்டியதில்லை, வெற்றிடத்துக்கான ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே போதும். சூரியன் இந்தக் கணமே அதே நிறையுடன் கருந்துளையாகச் சுருங்கினாலும், இருளும் குளிரும் நம்மை வாட்டுமே தவிர, பூமி அதே பாதையில்தான் சுற்றிவரும். உள்ளே சென்ற பொருளுக்கு மின்னூட்டம் இருந்தால், அதன் மின்புலமும் இவ்வாறே வெளியே நிலைத்திருக்கும்.

வெளி-காலத்தில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளுக்கும் இது பொருந்தும். 2015 செப்டம்பர் 14 அன்று அவ்வலைகளை அளக்கும் லைகோ கருவிகள் பதிவுசெய்த நிகழ்வில், சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. எஞ்சிய 3 சூரிய நிறைக்கு ஈடான ஆற்றல் அலைகளாகப் பரவியது. அந்த ஆற்றல் நிகழ்வு எல்லைகளுக்குள்ளிருந்து கிளம்பியது அன்று. இணையும் இரண்டையும் சுற்றி வெளியே கலங்கிய வெளி-காலத்தில் பிறந்தது. குலைக்கப்பட்ட கருந்துளை தனக்கே உரிய அதிர்வெண்களில் அதிர்ந்து விரைவில் அடங்கும் என்று 1970-லேயே காட்டியவர் சி. வி. விஷ்வேஷ்வரா. உங்கள் மாவட்டங்களிலிருந்து பள்ளிச் சுற்றுலா செல்பவர்கள் பார்க்கும் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநர் அவரே.

கேள்வி: கருந்துளைகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்குத் துகள்கள் பீறிட்டு வருவதாகப் படங்கள் வருகின்றனவே?
– கல்லூரி மாணவர், தேன்கனிக்கோட்டை

பதில்: படங்கள் உண்மை. எம்87 மண்டலத்தின் நடுவிலிருந்து கிளம்பும் தாரை சுமார் 5,000 ஒளியாண்டு நீளமுள்ளது. ஆனால் அதிலுள்ள ஒரு துகள்கூட நிகழ்வு எல்லைக்குள்ளிருந்து வந்ததில்லை. விழப்போகும் வாயு, கருந்துளையைச் சுற்றி வட்டாகச் சுழன்று கோடிக்கணக்கான கெல்வினுக்குச் சூடாகிறது. அங்குள்ள காந்தப்புலங்கள் ஒரு பகுதியை உள்ளே விழுமுன்பே வெளியே வீசிவிடுகின்றன.

தாரைக்கான ஆற்றல் மட்டும் கருந்துளையிடமிருந்தே கிடைக்கலாம் என்பதுதான் சுவையான செய்தி. சுழலும் கருந்துளையின் எல்லைக்கு வெளியே, எதுவும் சுழலாமல் நிற்க முடியாத பகுதி ஒன்று உண்டு. அங்கிருந்து சுழற்சி ஆற்றலை எடுக்க முடியும் என்று ரோஜர் பென்ரோஸ் 1969-ல் காட்டினார். காந்தப்புலங்கள் வழியாக அது நடைபெறும் முறையை பிளாண்ட்ஃபோர்டும் ஸ்நாயெக்கும் 1977-ல் விளக்கினர். 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய எக்ஸ்போசாட், கருந்துளைகளைச் சுற்றியுள்ள இத்தகைய சூடான பகுதிகளின் எக்ஸ் கதிர்களை ஆராய்வதற்கென்றே அனுப்பப்பட்டது.

கேள்வி: உள்ளே விழுந்த துகள் வராவிட்டாலும், அதைப் பற்றிய தகவலாவது வருமா?
– முதுகலை மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: வராது என்று 1976-ல் ஹாக்கிங் வாதிட்டார். குவாண்டம் கொள்கையோ தகவல் அழிவதை ஏற்பதில்லை. 1997-ல் ஹாக்கிங்கும் கிப் தார்னும் ஒரு பக்கம், ஜான் பிரெஸ்கில் மறுபக்கம் என்று பந்தயம் கட்டப்பட்டது; 2004-ல் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒப்பந்தப்படி பிரெஸ்கிலுக்குக் கலைக்களஞ்சியம் ஒன்றைக் கொடுத்தார். டான் பேஜ் 1993-ல் கணித்தபடி, கருந்துளை கரையும் போக்கில் ஒரு கட்டத்துக்குப் பின் தகவல் கதிர்வீச்சில் வெளிப்படத் தொடங்கும் என்பதற்கு 2019-ல் வலுவான கணக்குகள் கிடைத்தன. தகவல் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதில்தான் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே, தனித் துகள் திரும்பாது என்பதை உறுதியாகச் சொல்லும் நாம், இதில் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் தகவல் அழியாது என்றே கருதுகின்றனர் என்பதோடு நிற்கிறோம்.

கேள்வி: ஜெனீவா துகள் மோதுவியில் கருந்துளை உருவாகிப் பூமியை விழுங்கிவிடும் என்கிறார்களே?
– கடை உரிமையாளர், பாப்பாரப்பட்டி

பதில்: அந்த மோதுவி 2008-ல் இயங்கத் தொடங்கியது. கருந்துளை எதுவும் அதில் காணப்படவில்லை. அதைவிட மிக அதிக ஆற்றலுடைய காஸ்மிக் கதிர்கள் 450 கோடி ஆண்டுகளாகப் பூமியின் மீது மோதிக்கொண்டேதான் இருக்கின்றன. கவலையின்றிக் கடையைத் திறங்கள்.

கேள்வி: காவலூர் வானாய்வகம் எங்கள் ஊருக்கு அருகில்தான் உள்ளது. அங்கிருந்து பால்வழி மண்டல நடுவிலுள்ள கருந்துளையைப் பார்க்க முடியுமா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: முடியாது. சவ்வாது மலையிலுள்ள அந்த ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி, கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் வேலை செய்வது. மண்டலத்தின் நடுப்பகுதியை நமக்கும் அதற்கும் இடையிலுள்ள தூசு அந்த ஒளிக்கு முழுவதுமாக மறைத்துவிடுகிறது. ரைன்ஹார்ட் கென்செலும் ஆன்ட்ரியா கெஸ்ஸும் அகச்சிவப்புக் கதிரில்தான் அங்குள்ள விண்மீன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 16 ஆண்டுகளில் ஒருமுறை கருந்துளையைச் சுற்றிவரும் ஒரு விண்மீனின் பாதையிலிருந்து அதன் நிறையை நிறுவி, 2020-ல் பென்ரோஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2022 மே 12 அன்று வெளியான அந்தக் கருந்துளையின் படம் ரேடியோ அலைகளில் எடுக்கப்பட்டது. திசையை மட்டும் அறிய விரும்பினால், ஆனி மாதத் தொடக்கத்தில் நள்ளிரவில் தெற்கே பார்த்து நின்று, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில், தனுசு விண்மீன் கூட்டத்தைத் தேடுங்கள். தனுசும் விருச்சிகத்தின் வாலும் நெருங்கும் பக்கத்தில் அது இருக்கிறது.